வருடம் இல்லாத நோட்டீஸ்கள்

கோவில்பட்டியில் எங்கள் நாடகக் குழுவுக்கு நான் பிராம்ப்டர். முப்பது ஆண்டுகளாகச் சைடு விங்குக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, வசனம் மறந்து விழிப்பவனுக்கு அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்ததுதான் என் கலைச்சேவை. ஒரே ஒரு முறை, தபால்காரராக நடிக்க வேண்டியவர் வராததால், காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு மேடைக்குப் போய்த் தந்தியை நீட்டிவிட்டுத் திரும்பினேன். என் மனைவிகூட அடையாளம் கண்டுபிடிக்கவில்லை.

பிராம்ப்டரிடம் நாடகப் பிரதி இருக்கும். பிரதி இருக்கிற வீட்டில் நோட்டீஸும் இருக்கும், போட்டோவும் இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் குழு கூடியபோது, அடுத்த நாடகத்தோடு சேர்த்து, இதுவரை போட்ட நாடகங்களை ஒரு கண்காட்சியாக வைப்பது, கூடவே ஊர் ஓவியர்களின் படங்களையும் மாட்டுவது என்று முடிவானது. வேலை யார் தலையில் விழும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வேறு ஊரில் யாராவது இதே காரியத்தில் இறங்கினால் நான் பட்ட பாட்டில் பாதியாவது அவர்களுக்கு மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி. திறந்ததும் ராமபாணப் பூச்சிகள் நாலாபக்கமும் ஓடின. உள்ளே நாற்பது சொச்சம் நோட்டீஸ்கள், அறுபது எழுபது போட்டோக்கள், கையெழுத்துப் பிரதிகள், மைக் செட்காரருக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது, யாரோ யாருக்கோ எழுதிய கடன் சீட்டு. அட்டவணை போட உட்கார்ந்த அன்றே முதல் முட்டுக்கட்டை வந்தது. எந்த நோட்டீஸிலும் வருடம் இல்லை. ‘வரும் சனிக்கிழமை இரவு சரியாக 9 மணிக்கு’ என்று இருக்கிறது. தேதி இருக்கிறது, கிழமை இருக்கிறது, பெண்களுக்குத் தனி இட வசதி உண்டு என்பது இருக்கிறது. வருடம் மட்டும் கிடையாது. அச்சடித்த நாளில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதற்குப் போய் ஏன் எழுத்துக் கோப்பது?

ஒன்றை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று சொல்கிறேன், மற்றவற்றுக்கும் அதுதான் வழி. கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தை எங்கள் குழு போட்டதற்கான நோட்டீஸ் அது. கரிசல்காட்டில் அந்த நாடகத்தைப் போட்டால் தனியாக விளம்பரம் வேண்டாம். குடத்தோடு அலைந்தவர்கள்தான் கொட்டகை நிறைய உட்கார்ந்திருப்பார்கள். ஏப்ரல் 21, சனிக்கிழமை என்று போட்டிருந்தது. பழைய காலண்டர்களைப் புரட்டினால் அந்தக் காலத்தில் ஏப்ரல் 21 சனிக்கிழமையாக வந்த வருடங்கள் மூன்று: 1979, 1984, 1990. நாடகம் முதலில் மேடையேறியதே 1980-இல், ஆகவே 1979 கழிந்தது. நோட்டீஸின் அடியில் ‘கோவில்பட்டி, நெல்லை மாவட்டம்’ என்று இருந்தது. 1986 அக்டோபரில் நெல்லையைப் பிரித்துத்தான் எங்கள் ஊரைச் சிதம்பரனார் மாவட்டத்தில் சேர்த்தார்கள். இப்போதைய தூத்துக்குடி மாவட்டம் அது. ஆக 1990-உம் கழிந்தது. 1984 என்று நான் எழுதப் போனேன்.

குழுவில் மூத்தவர் ஒருவர் குறுக்கே வந்தார். “பழைய அச்சை அப்படியே வைத்து அடித்திருப்பான் அண்ணாச்சி. மாவட்டம் பிரிந்து பத்து வருடம் கழித்தும் எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் நெல்லை மாவட்டம் என்றுதான் வந்தது” என்றார். நியாயம்தான். அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: கண்ணால் பார்த்த ஆதாரம் இருந்தால் பேனா, ஊகமென்றால் பென்சில், பக்கத்தில் ஊகத்துக்கான காரணம் ஒரு வரி. இந்த 1984 இன்றும் பென்சிலில்தான் இருக்கிறது. காரணத்தை எழுதாமல் வருடத்தை மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறை அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டுவிடும். டிக்கெட் விலை, அச்சகத்தின் டெலிபோன் எண்ணில் எத்தனை இலக்கம், விளம்பரம் கொடுத்த கடை எப்போது மூடியது, எல்லாமே சாட்சிகள்தான். நோட்டீஸின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஒன்றின் பின்னால் மளிகைக் கணக்கு இருந்தது. துவரம் பருப்பின் விலையை வைத்து என் மனைவி ஒரு வருடம் சொன்னாள், பிறகு சரிபார்த்தால் இரண்டு வருடம்தான் தள்ளியிருந்தது.

கையெழுத்துப் பிரதிகளில் முழுசாகக் கிடைத்தவை மிகக் குறைவு. நடிகர்களுக்கு அவரவர் வசனத்தை மட்டும் கிழித்துக் கொடுத்துவிடுவது அப்போதைய பழக்கம். முழுப் பிரதியாகக் கிடைத்த இரண்டும் காவல்துறையின் அனுமதிக்காகத் தனியாக நகல் எடுத்தவை. பக்கத்துக்குப் பக்கம் முத்திரை, ஓரத்தில் பச்சை மையில் சுருக்கொப்பம். 1876-இல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த நாடகச் சட்டத்தின் வழியில் 1954-இல் இங்கே ஒரு சட்டம் வந்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொன்னது. அந்தச் சட்டத்தை நான் மனதாரத் திட்டியிருக்கிறேன். பிரதிகள் பிழைத்ததும் அதனால்தான் என்று சொல்ல நாக்கு கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

அடுத்தது நான் செய்த பாவம். போட்டோக்கள் பலவற்றில் முனை மடிந்து, மேலே வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது. நாலு நாள் கண்காட்சியில் பலர் கைபடப் போகிறதே என்று நல்லவற்றில் பன்னிரண்டை லேமினேஷன் போடக் கொடுத்தேன். கடைப் பையன் மெஷினுக்குள் தள்ளினான். கட்டபொம்மன் நாடகத்தில் கயத்தாற்றுத் தூக்குமேடைக் காட்சி. குழுவில் யாரிடமும் வேறு பிரதி இல்லாத படம். மறுபக்கம் வெளியே வந்தபோது கட்டபொம்மன் முகத்தில் அம்மைக் கொப்புளம் போலப் பொடிப்பொடியாக எழும்பியிருந்தது. சூட்டில் படத்தின் மேல்பூச்சு உருகிப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிட்டது. பிரித்தால் முகமே உரிந்து வரும். பையன் மேல் தப்பில்லை, கேட்டதைச் செய்தான். மீதியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

பழைய போட்டோவை, நோட்டீஸை, எதையுமே லேமினேட் செய்யாதீர்கள். பசை ஆல்பத்தில் ஒட்டாதீர்கள், செல்லோடேப் பக்கமே போகாதீர்கள். ஸ்கேன் எடுங்கள், ஸ்கேனர் இல்லையென்றால் காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் தரையில் வைத்து, பிளாஷ் இல்லாமல், நேர்மேலிருந்து செல்போனில் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டுடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். கண்காட்சியில் மாட்ட வேண்டியது நகல். அசல் ஒவ்வொன்றுக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, தரையில் படாமல் பீரோவில் வைத்தால் போதும். கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், நாடகம், வரிசை எண் என்று வையுங்கள். எங்கள் செயலாளர் ‘நல்ல படம்’, ‘நல்ல படம் 2’, ‘ரொம்ப நல்ல படம்’ என்று வைத்திருந்தார். அவற்றைத் தேடி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

போட்டோவில் இருப்பவர்கள் யார் என்பது அடுத்த சிக்கல். மேக்கப்போடு நிற்கிறவரை அவர் மகனுக்கே தெரிவதில்லை. இதற்கு எங்கள் குழுவின் லைட் பையன் சொன்ன யோசனைதான் கண்காட்சியிலேயே நன்றாக வேலை செய்தது. ஒவ்வொரு குழுப் படத்தையும் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து, தலைகளுக்கு எண் போட்டு, பக்கத்தில் எண் வரிசையில் காலிக் கோடுகள் விட்டு மாட்டினோம். நூலில் ஒரு பென்சில் தொங்கியது. நான்கு நாளில் எழுபதுக்கு மேல் பெயர்கள் வந்துவிட்டன. சண்டையும் வந்தது. ஐந்தாம் எண் தன் சித்தப்பா என்று ஒருவர் எழுத, இன்னொருவர் அதை அடித்துத் தன் மாமா என்று எழுதினார். அடித்தாலும் அழிக்காதீர்கள் என்று எழுதி வைத்தோம். இருவர் சொன்னதும் பதிவேட்டில் இருக்கிறது.

அதில் ஒரு படம் மட்டும் மாட்டுவதற்கு முன்பே என்னை நிறுத்தியது. முன்பெல்லாம் எங்கள் பக்கத்துக் குழுக்களுக்குப் பெண் வேடத்துக்கு மதுரையிலிருந்து நடிகைகளை வரவழைப்போம். நோட்டீஸில் ஆண்களுக்கு இனிஷியல், பட்டம், ஆபீஸ் பெயர் எல்லாம் இருக்கும். கடைசியில் ‘மற்றும் மதுரை நடிகைகள்’ என்று ஒரு வரி. எட்டு நாடகங்களில் கதாநாயகியாக ஒரே முகம், ஒன்றில்கூடப் பெயர் இல்லை. ஆர்மோனியம் வாசித்த பெரியவருக்கு மட்டும் நினைவிருந்தது. அவர் சொன்ன தெருவில் விசாரித்து அந்த அம்மாவின் மகனுடைய எண்ணைப் பிடித்தேன். அம்மா இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. விஷயத்தைச் சொன்னதும் அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “படத்தைப் போடுங்கள் சார். பெயர் வேண்டாம். என் மகளுக்குப் பேசி முடித்திருக்கிறது” என்றார்.

எனக்கு முதலில் கோபம் வந்தது, யார் மீது என்று சொல்லத் தெரியவில்லை. நாங்கள்தானே நாற்பது வருடமாக அந்தப் பெயரைப் போடாமல் விட்டோம்? இன்று போடுகிறேன் என்று கிளம்பினால் அவர் வேண்டாம் என்கிறார். படத்தின் கீழ் நாடகத்தின் பெயரும் ஏற்ற வேடமும் மட்டும் எழுதினோம். பெயர், குழுவின் பதிவேட்டில் ஓர் உறைக்குள் ஒட்டி இருக்கிறது. பழைய படம் எதையும் பொது இடத்தில் மாட்டுவதற்கு முன் அந்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நடித்தவர்களுக்கு அது பெருமையாக இருந்திருக்கலாம், பிள்ளைகளுக்கு அப்படியே இருக்கும் என்று நாம் முடிவு செய்ய முடியாது.

இனி சீன், அதாவது மேடையின் பின்னால் தொங்கவிடும் ஓவியப் படுதா, அதன் கதை.

எங்கள் ஊரில் நாடகத்துக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவு கொஞ்சம் நெருக்கமானது. 1940-களில் ஒரு நாடகக் கம்பெனிக்கு சீன் எழுதிக்கொண்டு வந்தவர் சி. கொண்டையராஜு. கம்பெனி இங்கே கலைந்தது, அவர் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் டி. எஸ். சுப்பையா, டி. எம். ராமலிங்கம் போன்ற சீடர்களும் எழுதிய சாமி படங்கள் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகித் தமிழ்நாட்டுப் பூஜை அறைகளில் எல்லாம் ஏறின. 1976-இல் கொண்டையராஜு மறைந்தார். அந்த முருகனையும் லட்சுமியையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாடக மேடைதான் தெரியும். சாமி நம்மைப் பார்த்து நேராக நிற்கிறது, பின்னால் தூண், படிக்கட்டு, மேகம், பக்கவாட்டிலிருந்து ஒரு வெளிச்சம். டிராப் சீன் தூக்கிய அந்த முதல் நொடி மாதிரி. இது என் கண்ணுக்குப் படுவது. ஓவியம் படித்தவர்கள் வேறு சொல்லலாம்.

எங்கள் குழுவுக்குச் சொந்தமாக ஒரு தர்பார் சீன் இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது மூடிப்போன ஒரு தீப்பெட்டி ஆபீஸ் குடோனில், உத்தரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில், மூங்கிலில் சுருட்டியபடி கிடைத்தது. இருபது அடி அகலம், பன்னிரண்டு அடி உயரம். கண்டதும் எங்கள் பையன்கள் அதை அங்கேயே விரிக்கக் கை வைத்தார்கள். நல்லவேளை, சீன் எழுதிப் பழகிய ஓவியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். எண்பதை நெருங்குகிறார். சிறுவயதில் சீன், பிறகு சைன்போர்டு, பிறகு பிளெக்ஸ் வந்ததும் ஒன்றுமில்லை. “கையை எடுங்கள். வஜ்ஜிரப் பசையில் குழைத்த பொடி வண்ணம் இது. வஜ்ஜிரம் செத்துப்போயிருந்தால் விரித்த மாத்திரத்தில் தர்பார் தரையில் கொட்டிவிடும்” என்றார். விரல் நுனியை நக்கி ஓரத்தில் லேசாக ஒற்றிப் பார்த்தார். நீலம் விரலில் வந்தது. “கொஞ்சம் உயிர் இருக்கிறது” என்றார்.

மாசி மாதம், காற்றில் ஈரமில்லாத நாள் பார்த்து, மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பழைய வேட்டிகளைப் பரப்பி அதன் மேல் விரித்தோம். ஒருவர் மூங்கிலை உருட்ட, இருபுறமும் நால்வர் துணியை இழுக்காமல் தாங்கியபடி, அடி அடியாக. முதலில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை வந்தது. பிறகு தூணின் பாதங்கள். சிம்மாசனத்தில் எலி கடித்த ஓட்டை, அரசன் உட்காரும் இடத்திலேயே. கடைசியில் சரவிளக்கு. இடதுகோடித் தூணின் போதிகையில் ஒரு பச்சைக்கிளி உட்கார்ந்திருந்தது. மேடையிலிருந்து பத்தாவது வரிசையில் இருப்பவனுக்கு அது தெரியவே தெரியாது. யாருக்காக எழுதினார்? அடி மடிப்பில் சிவப்பில் ஓவியரின் பெயரும் ஊரும் இருந்தன. எங்கள் நாற்பது நோட்டீஸ்களில் ஒன்றிலும் அந்தப் பெயர் இல்லை.

மாட்டுவதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. மாட்டினால் தன் பாரத்திலேயே கிழிந்துவிடும் என்றார் ஓவியர். தரையிலேயே கிடக்கட்டும் என்று சுற்றிலும் கயிறு கட்டினோம். பார்த்தவர்களுக்கு அது ஏதோ ஜமுக்காளம் மாதிரிதான் தெரிந்தது. தூண்கள் சாய்ந்தன, கட்டங்கள் கோணின. அவர் ஒரு நீளப் பெஞ்சை எடுத்து வந்து படுதாவின் கால்மாட்டில், சரியாக நடுவில் போட்டார். அதில் ஏறி நின்று பார்த்தால் தர்பார் உள்ளே போகிறது. கட்டங்கள் சிறுத்துக்கொண்டே போய் சிம்மாசனத்தில் முடிகின்றன. நான்கு நாளும் அந்தப் பெஞ்சில் ஏற வரிசை நின்றது. பள்ளிப் பிள்ளைகள் ஏறுவதும் இறங்குவதும், பக்கவாட்டில் ஓடிப்போய்த் தூண் சாய்கிறதா என்று பார்ப்பதுமாக இருந்தார்கள். சுற்றியிருந்த சட்டம் போட்ட படங்களுக்கு இந்தக் கூட்டத்தில் கால்வாசியும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திரும்பச் சுருட்டும்போது வண்ணப் பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்பது அவரிடம் கற்றது. உள்ளே வைத்துச் சுருட்டினால் வண்ணம் நெருங்கி நொறுங்கும். மூங்கிலின் கணு துணியில் தழும்பு போட்டிருந்தது. ஆறு அங்குலப் பி.வி.சி. குழாயில், நடுவில் பழைய வேட்டியைக் கொடுத்துச் சுருட்டினோம். மடிக்கவே கூடாது.

சட்டம் போட்ட படங்களுக்கு வருகிறேன். மண்டபத்தில் ஆணி அடிக்க அனுமதி கிடையாது. முதல் நாள் டபுள் சைடு டேப்பில் பிள்ளைகளின் சார்ட்டுகளை ஒட்டினோம். கழற்றும்போது சுவர் பெயின்ட் பாளம் பாளமாகக் கூடவே வந்தது. முன்பணத்தில் 2,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். விதி எழுதி ஒட்டியிருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. இரண்டாம் நாள் பந்தல்காரரைக் கூப்பிட்டு, சவுக்குக் கம்பில் சட்டம் கட்டி வெள்ளைத் துணி போர்த்தித் தரச் சொன்னோம். ஒரு கல்யாணத்துக்குப் போடுவதில் பத்தில் ஒரு பங்கு வேலை. நைலான் கயிற்றில் படங்களைத் தொங்கவிட்டோம். படத்தின் நடு, தரையிலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் பெரியவர்களுக்குக் கழுத்து வலிக்காது. பிள்ளைகள் வரைந்ததைப் பிள்ளைகளின் உயரத்தில் மாட்டுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் டியூப் லைட் பளிச்சென்று அடிக்கும். மேல்பக்கம் ஒரு சின்னக் கட்டையை முட்டுக் கொடுத்து முன்னால் சரித்தால் அது தரைக்குப் போய்விடும்.

கண்காட்சி விளக்குகளையும் மேடை விளக்குகளையும் ஒரே லைனில் கொடுத்திருந்தோம். இரண்டாம் காட்சியில் பியூஸ் போனது. இருட்டில் என்னால் எதைப் பார்த்து எடுத்துக்கொடுக்க முடியும்? கதாநாயகன் ஏழு நிமிடம் தானாகவே ஏதோ பேசிச் சமாளித்தார். பிரதியில் இருந்ததைவிட நன்றாக இருந்தது என்று சிலர் சொன்னார்கள், நான் அதைப் பதிவேட்டில் எழுதவில்லை. எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே மொத்த வாட் கணக்கைக் கொடுத்துத் தனி லைன் கேளுங்கள்.

படம் கொடுத்தவர்கள் ஒன்பது பேர். இரண்டு டிராயிங் மாஸ்டர்கள், ஓவியக் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், பழைய சைன்போர்டு ஓவியர்கள் மூவர், இன்னும் சிலர். தீப்பெட்டி லேபிள் சேகரிக்கும் ஒருவர் ஆல்பத்தோடு வந்தார். கிளி, கப்பல், கோழி, சாவி என்று பக்கம் பக்கமாக, இந்த வட்டாரத்துக் குச்சிகள் போன ஊரெல்லாம் தெரியும். இரவில் ஆல்பத்தை மண்டபத்தில் விட அவர் சம்மதிக்கவில்லை. தினமும் மாலையில் துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் வீட்டுக்கு எடுத்துப் போனார். அவர் செய்ததுதான் சரி. மற்ற படங்களுக்குக் காவலாக நாங்கள் இருவர் அங்கேயே பாய் போட்டுப் படுத்தோம்.

விலை எழுதச் சொன்னால் யாரும் எழுதமாட்டார்கள். “நீங்களே போடுங்கள் அண்ணாச்சி” என்பார்கள். போடாதீர்கள். அந்தப் பெண் கரிமூட்டத்தை வரைந்திருந்தாள். வேலிக்கருவை அடுக்கி மண் பூசிப் புகைகிற மூட்டம், ஓரத்தில் தலையில் துண்டோடு குந்தியிருக்கும் ஓர் ஆள். அந்த மூட்டத்தில் எடுத்த கரித்துண்டாலேயே வரைந்தது. 1,500 ரூபாய் என்று எழுதியிருந்தாள். வசதியான மனிதர் ஒருவர் வந்து, “ஊர்ப் பிள்ளைதானே, 500 வைத்துக்கொள்” என்றார். அவள் தலையாட்டப் போனாள். எங்கள் பொருளாளர் இடையில் புகுந்து, விற்பனை குழு மூலம்தான், விலை சீட்டில் இருப்பதுதான் என்றார். அவர் வாங்காமல் போய்விட்டார். மூன்றாம் நாள் வேறொருவர் முழு விலைக்கு வாங்கினார். ஓவியர் தானே பேரம் பேசும் நிலையில் நிற்கக்கூடாது. பக்கத்தில் ஒருவர் வேண்டும். குழுவுக்குப் பத்து சதவீதம் என்று முன்கூட்டியே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்ததால் பிறகு பேச்சு வரவில்லை. தாளில் எழுதாமல் வாய்ப்பேச்சில் விட்ட ஒரே படத்துக்கு மட்டும் வந்தது.

நேரம் பற்றி ஒன்று. இடைவேளையில் எல்லோரும் படம் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தோம். இடைவேளையில் மனிதர்கள் டீ குடிப்பார்கள். முதல் நாள் அதற்காகவே இடைவேளையை அரை மணி நேரம் நீட்டினோம். நாடகம் முடியும்போது கடைசி டவுன் பஸ் போய்விட்டது. கழுகுமலைப் பக்கத்துக்காரர்கள் எங்களைத் திட்டிக்கொண்டே ஆட்டோ பிடித்தார்கள். மறுநாளிலிருந்து மாலை நான்கு மணிக்கே கூடத்தைத் திறந்துவிட்டு ஆறரைக்கு நாடகத்தைத் தொடங்கினோம். டீ கிளாஸை வைப்பதற்கென்று வாசலில் ஒரு மேஜை போட்டோம், இல்லையென்றால் படச் சட்டத்தின் மேல்தான் வைக்கிறார்கள்.

இப்போது ஒவ்வொரு நாடகமும் முடிந்த அன்று இரவே, வேஷம் கலைப்பதற்குள், ஒரு நோட்டை எல்லோரிடமும் சுற்றவிடுகிறோம். தேதி, வருடம், நடித்தவர், மேக்கப், லைட், சீன், டீ வாங்கி வந்தவர் முதற்கொண்டு அவரவர் கையெழுத்தில். மறுநாள் என்று விட்டால் நடக்காது, மூன்று தடவை பார்த்துவிட்டோம்.

சென்ற மாதம் அடுத்த நாடகத்துக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தோம். புரூப்பில் வருடத்தைச் சேர்த்தேன். “தேதி இருக்கிறதே, வருடம் எதற்கு அண்ணாச்சி?” என்றார் அச்சகத் தம்பி. அதற்கு நான் பதில் சொல்லத் தொடங்கினால் அன்று அச்சு ஓடாது என்று விட்டுவிட்டேன். சீன் அமைப்பு என்று ஒரு வரி சேர்த்து, நம் ஓவியரின் பெயரையும் போட்டோம். எழுபது வருடத்தில் ஒரு நாடக நோட்டீஸில் அவர் பெயர் வருவது இதுதான் முதல் தடவை. கட்டு வந்து இறங்கியதும் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டித் தள்ளி வைத்துப் படித்தார். “இனிஷியல் ‘மு’ இல்லை தம்பி, ‘மூ’” என்றார்.

அன்று ராத்திரி நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து ஐந்நூறு நோட்டீஸிலும் பேனாவால் திருத்தினோம்.